மூன்றாவது இருபது நிமிடம்

கதைக்கத்தான் வேண்டும், இன்றைக்கு மகளைப் பழக்குகிற அந்தக் கோச்சோடு நாலு வார்த்தை கதைக்காமல் நான் வீட்டுக்குப் போகப்போவதில்லை, என் புருசன் கிருபா என்ன சொன்னாலும் சரி, காலையில் பஸ் நிலையத்துக்கு வந்து என்னைக் காரில் ஏற்றின நேரம் தொடக்கம் இந்த மனிசன் ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், விடும் தவம், விடும், இதென்ன பெரிய விசயமே. பெரிய விசயம்தான். ஆறு நாட்டுப் பிள்ளைகள் வந்து விளையாடுகிற போட்டி, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பெட்டைகளின் ஐஸ் ஹொக்கி, சுவீடனில் இருந்தும் பின்லாந்தில் இருந்தும் பிளேன் ஏறி இந்தக் குளிர் பிடித்த சின்ன நகரத்துக்கு வந்திருக்கிறார்கள், அதில் எங்கள் அணியின் கோலைக் காத்தவள் என் மகள் சாம்பவி, நாலு ஆட்டத்தில் ஐந்து தரம்தான் உள்ளே போக விட்டவள், அவள் நின்றபடியால்தான் இறுதி ஆட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள். வந்து சேர்ந்த பிறகு அவளைக் கழற்றி ஓரத்தில் இருத்திவிட்டு ப்ரூக் என்கிற மற்றப் பெட்டையை இறக்கியிருக்கிறார்கள். மாற்று ஆளாகக்கூட என் பிள்ளை இல்லை. விளையாட்டு உடுப்பே இல்லை. அணியின் நீல ஜாக்கெட்டைப் போட்டு, தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ஆட்டக்காரர் இருக்கிற வாங்கின் கடைசி நுனியில் குனிந்தபடி இருக்கிறாள். வீடு இருக்கிற ஸ்காபரோவில் இருந்து இரண்டரை மணித்தியாலம் பஸ்ஸில் வந்தது அவளுடைய முதுகைப் பார்க்கத்தானா. மாத்தி மாத்திப் போடினமாம், கிருபா சொல்கிறார். மாத்தி மாத்தி. நாலு ஆட்டத்துக்கு மாற்றாதவர்கள் ஐந்தாவதுக்கு மாற்றுகிறார்களாம், அதை நான் நம்பவேண்டுமாம்.

விசில் ஊதிவிட்டான். மூன்றாவது இருபது நிமிடம், இதுதான் கடைசி. மேலே தொங்குகிற பலகையில் இரண்டுக்கு இரண்டு என்று சிவப்பாக எரிகிறது. பின்லாந்துப் பிள்ளைகள் வெள்ளை, எங்கட ஆட்கள் நீலம். எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி ப்ரூக்கின் தாய் நிற்கிறாள், கையில் ஒரு மணி, மாட்டின் கழுத்தில் கட்டுகிற மணியேதான், இங்கே ஹொக்கி பார்க்க வருகிறவர்கள் இதைக் கொண்டுவந்து கிலுக்குவார்கள், ஒவ்வொரு தரம் அவள் கிலுக்கும்போதும் என் பல்லுக்குள் கூசுகிறது. தகப்பன் அணியின் மனேஜர். மகள் இறுதி ஆட்டத்தில் கோலுக்குள் நிற்கிறாள். இதற்கு விளக்கம் வேறு வேண்டுமா. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்து தங்கள் அணிக்கு ஆள் தெரிவுசெய்கிறவர்கள் வந்து ஆளுக்கொரு கொப்பியோடு மேல் வரிசையில் இருக்கிறார்களாம், யாரைப் பார்க்க வந்தார்களோ அவளைப் பார்க்க விடாமல் செய்தாயிற்று. கோச் டார்லீன் வாங்குக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், பொன்னிறத் தலைமயிர், சூயிங்கம் மெல்லுகிற வாய். ஆட்டம் முடிந்ததும் நேரே அவளுக்கு முன்னால் போய் நிற்பேன். என்ன சொல்வேன். கோச், எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது என்று தொடங்குவேன். இல்லை, கேள்வி என்று தொடங்கினால் பதில் சொல்லிவிடுவாள், அவர்களிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். உனக்கு வெட்கமில்லையா என்று கேட்கவேண்டும். அதை இங்கிலீசில் சொன்னால் சின்னப்பிள்ளையைப் பேசுகிற மாதிரி வரும். இருபத்திரண்டு வருசம் இந்த நாட்டில் இருந்தும் கோபம் வந்தால் என் இங்கிலீஸ் கால் இடறி விழுகிறது, வினைச்சொல் முன்னுக்குப் போகிறது பின்னுக்கு வருகிறது, அந்த அரைச் செக்கனுக்குள் அவர்கள் முகத்தில் ஒரு பொறுமை வந்து உட்காரும், அந்தப் பொறுமையைப் பார்த்தால் எனக்கு இன்னும் பத்தும்.

பக் என்று சொல்கிற அந்தக் கறுத்த ரப்பர் வட்டு பலகைச் சுவரில் அடித்த சத்தத்தில் நெஞ்சு திடுக்கிட்டது. சாம்பவி அந்தச் சத்தத்துக்குத் தோளைச் சுருக்குகிறாள். பார், அங்கே இருந்தும் அவள் உடம்பு விளையாடுகிறது, இடைக்கிடை இடக்கை எழும்பி விழுகிறது. காலையில் காருக்குள் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. பின்சீற்றில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தலையைக் கண்ணாடியில் சாய்த்தபடி, ஹாய் அம்மா என்றாள், அவ்வளவுதான். பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு வந்தேன், விடிய நாலு மணிக்கு எழும்பி அவித்தது, மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு பேந்து சாப்பிடுறன் என்றாள். அழுது கண் வீங்கியிருக்கும், அதை மறைக்கத்தான் கண்ணாடி, மார்கழி மாதத்தில் வெயில் எங்கே இருக்கிறது. எனக்கு விளங்காதா. நேற்று நான் இருந்திருந்தால் இந்த அநியாயம் நடந்திராது. நேற்றைய அரை இறுதிக்கு நான் வரவில்லை, சனிக்கிழமை வேலை, முதியோர் இல்லத்தில் ஆள் போதாது என்று லீவு தரவில்லை. இவள் சுவீடன்காரிகளை மறித்துக்கொண்டு நின்ற நேரம் நான் எண்பத்தொன்பது வயதுக் கிழவர் ஒருவர் குளியலறையில் விழுந்ததுக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். தலை அடிபட்டதா, கண்மணி இரண்டும் ஒரே அளவா, வாந்தி எடுத்தாரா, வெளிச்சம் கூசுகிறதா, ஒவ்வொரு கட்டத்திலும் புள்ளடி போடவேண்டும். பின்னேரம் கிருபாவிடமிருந்து ஒரு செய்தி, வென்றிட்டம். அவ்வளவுதான். படம் இல்லை, போன் இல்லை. இரவு நான் எடுத்தபோது பிள்ளை படுத்திட்டாள் என்றார். எட்டு மணிக்குப் படுக்கிற பிள்ளையா அவள். அப்போதே சொல்லியிருப்பார்கள், நாளைக்கு நீ இல்லை என்று. ஹோட்டல் கட்டிலில் கிடந்து அழுதிருக்கிறாள், தகப்பன் பக்கத்தில் இருந்து விடு பிள்ளை விடு என்று சொல்லியிருக்கிறார்.

விடு. இந்தச் சொல்லை என் காதுக்குள் முதலில் ஊற்றினவன் பெரியண்ணா. மானிப்பாயில், எனக்குப் பதினாறு வயது, பள்ளிக்கூடத்து வலைப்பந்தாட்ட அணியில் நானும் கோல்தான் காத்தேன், கையை உயர்த்தினால் எனக்கு மேலால் பந்து போகாது என்று ரீச்சர் சொல்லுவா. மாவட்டப் போட்டி சாவகச்சேரியில். விடியக் காலை எல்லோரும் சைக்கிளில் போவதாகப் பேச்சு. நான் வெளிக்கிட்டு வாசலுக்கு வந்தால் சைக்கிளின் இரண்டு சில்லிலும் காற்று இல்லை. வால்கட்டை இரண்டையும் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பெரியண்ணா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். ‘பொம்பிளைப் பிள்ளை கட்டைப் பாவாடையோட துள்ளினது காணும், விடு’ என்றான். அடிக்கவில்லை, கத்தவில்லை, தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தான். ஒழுங்கை முனையில் தோழிகள் பெல் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள், அந்த பெல் சத்தம் தூரத் தூரப் போய்த் தேய்ந்தது. நான் ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான், அதுதான் இன்றைக்கும் தொண்டைக்குள் நிற்கிறது, அவன் செய்தது இல்லை, நான் வாயைத் திறக்காமல் உள்ளே போய் உடுப்பை மாற்றிக்கொண்டு தேங்காய் துருவினது. இப்போது லண்டனில் இருந்து ஞாயிறு தோறும் போன் எடுக்கிறான், மருமகள் ஹொக்கி விளையாடுறாளாமே, கெட்டிக்காரி என்கிறான். மறந்துவிட்டான். ஆகவேதான் சொல்கிறேன், என் பிள்ளைக்கு நடக்கிறபோது நான் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டேன், கோச் என்றால் என்ன, மனேஜர் என்றால் என்ன.

‘தவம், கொஞ்சம் இரும், பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்கு மறைக்குது’ என்று கிருபா என் கோட்டைப் பிடித்து இழுக்கிறார். நான் எழும்பி நின்றதே எனக்குத் தெரியாது. ‘மறைக்கட்டும்’ என்றேன். ‘உங்களுக்கு அவளிலை அக்கறை இல்லை.’ அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு கோப்பிக் கப்பைப் பார்த்தார். இந்த மனிசனுக்கு எப்போதும் இப்படித்தான், ஒரு விசயத்தை நேரே சொல்ல வராது. இரண்டு வருசத்துக்கு முன்னம் இவளுக்கு விரல் முறிந்ததையும் மூன்று நாள் என்னிடம் மறைத்தார்கள், கையுறை போட்டுக்கொண்டே சோறு சாப்பிட்டாள். தெரியவந்த அன்றைக்கு நான் அவளுடைய ஹொக்கிப் பையைத் தூக்கிக்கொண்டுபோய் வீதியில் குப்பையோடு வைத்தேன், குப்பை எடுக்கிற நாள். பை என்றால் சின்னப் பை இல்லை, உள்ளே ஒரு ஆள் படுக்கலாம். அவள் சொக்ஸோடு பனிக்குள் ஓடிவந்து அந்தப் பைக்கு மேல் குப்புறக் கிடந்தாள், குப்பை லொறிக்காரன் இறங்கி நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நான்தான் விட்டுக்கொடுத்தேன். பையைத் திரும்ப உள்ளே இழுத்து வந்ததும் நான்தான். தாய் என்றால் கோபம் வராதா. முறிந்த விரலைப் பார்த்தால் எந்தத் தாய்க்குத்தான். அதையும் இதையும் ஒன்றாகப் போட முடியாது, நான் பயத்தில் செய்தது, பெரியண்ணா செய்தது... பெரியண்ணாவும் பயத்தில்தான் செய்தானோ. சீ. ஏன் இப்போது இந்த நினைப்பு. ப்ரூக் காலை விரித்து விழுந்து ஒரு அடியை மறித்துவிட்டாள், மணி கிலுங்குகிறது, கிலுங்குகிறது, நிறுத்தமாட்டாளா இந்த மனிசி.

சாம்பவி எழும்பிவிட்டாள். பலகையில் நாலு நிமிடம் பன்னிரண்டு செக்கன் இருக்கிறது. வாங்கின் நுனியில் இருந்து எழும்பி, பின்பக்கம் உடுப்பு மாற்றும் அறைகளுக்குப் போகிற நடையோடைக்குள் போகிறாள், ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டு போகிறது. கோச் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள், போ என்ற மாதிரி. போ என்கிறாள். என் பிள்ளையைப் போ என்கிறாள். அழத்தான் போகிறாள், தனியே நின்று அழப்போகிறாள். நான் படியில் இறங்கிவிட்டேன். ‘தவம், நில்லும், நான் போறன்! நீர் போகாதேயும்!’ கிருபாவின் குரலில் என்றைக்கும் இல்லாத ஒரு பதற்றம், அதுவும் எனக்குக் கோபம்தான், இருபது வருசத்தில் ஒரு நாள் பதறுகிறார், அதுவும் கோச்சைக் காப்பாற்ற. எத்தனை முழங்கால்களை இடித்தேனோ, ஒருவருடைய பொப்கோர்ன் கொட்டியது, சொறி சொல்லவில்லை. கீழே கண்ணாடி ஓரமாகச் சுற்றிப்போனால் ஒரு இரும்புக் கதவு, பார்வையாளருக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருக்கிறது. தள்ளினேன். உள்ளே நனைந்த ரப்பர் பாயின் மணம், வேர்த்த உடுப்பின் மணம். ஓடையின் முன்பகுதி விளக்குகளை யாரோ அணைத்திருந்தார்கள். கதிரை ஒன்றில் ஒரு வெள்ளைக்கார மனிசி, கழுத்தில் முதலுதவி அட்டை, எழும்பி வந்து என் கையைத் தொட்டாள். ‘நீங்கள் சாம்பவியின் அம்மாவா? பயப்படாதீர்கள். நேற்று இரவு இருந்ததுக்கு இப்போது எவ்வளவோ பரவாயில்லை. நேற்று அந்த அடிக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் அவள் தன் பிறந்த திகதியையே மாற்றிச் சொன்னாளாமே. இன்றைக்கு எல்லாம் சரியாகச் சொல்கிறாள்.’

எந்த அடி. எந்த ஆஸ்பத்திரி. கேட்டேனா, வாய் மட்டும் அசைந்ததா தெரியாது. அந்த மனிசி என் முகத்தைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் தரையில், சுவரோடு சாய்ந்து, முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு என் பிள்ளை இருக்கிறாள். நான் இருபது வருசமாகப் பார்க்கிற வேலை. கிழவர் விழுந்தார், கண்மணி இரண்டும் ஒரே அளவா, வெளிச்சம் கூசுகிறதா, வாந்தி எடுத்தாரா. மார்கழியில் கறுப்புக் கண்ணாடி. பிட்டின் மணத்துக்கு மூக்கைப் பொத்தினது. பக் அடித்த சத்தத்துக்குத் தோள் சுருங்கினது. எல்லாக் கட்டமும் என் கண்ணுக்கு முன்னாலே கிடந்தது, நான் ஒன்றிலும் புள்ளடி போடவில்லை, கோச்சின் சூயிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘சாம்பவி!’ என்றேன். அது ஓடை முழுக்க அடித்துத் திரும்பி வந்தது. அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். ‘அம்மா, கத்தாதீங்கோ. ப்ளீஸ். தலைக்குள்ள கேக்குது.’

கத்தாமல் எப்படி. கத்துகிறதுக்கென்றே காலையில் இருந்து சேர்த்து வைத்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன், முழங்கால் நொந்தது, குரலை உள்ளே இழுத்து இழுத்து ஒரு நூல் அளவுக்குக் கொண்டுவந்தேன். ‘என்ன நடந்தது?’ ‘சுவீடன்காரி ஒராள் வந்து விழுந்தவள். தலை கோல் போஸ்ற்றில அடிச்சது. முகமூடி போட்டிருந்தனான்தானே, ஒண்டும் பெரிசா இல்லை.’ ‘ஆஸ்பத்திரிக்கு ஆர் கூட்டிக்கொண்டு போனது?’ ‘அப்பா. கோச்சும் வந்தவா. ரெண்டு மணி வரைக்கும் எங்களோட இருந்தவா.’ கோச் டார்லீன், இரவு இரண்டு மணி வரைக்கும். ‘பிறகேன் இந்தச் சத்தத்துக்குள்ள வந்து இருந்தனீ?’ ‘கோச் வேண்டாம் எண்டுதான் சொன்னவா. ப்ரூக்குக்கு இடப்பக்கத்தால பக் வாறது தெரியாதம்மா. நான் இருந்து கையைக் காட்டினா அவளுக்கு விளங்கும். கடைசி நாலு நிமிசம் ஏலாமப் போட்டுது.’ மாத்தி மாத்தி என்றார். என்னிடம் கிருபா மாத்தி மாத்தி என்றார். ‘எனக்கு ஏன் சொல்லேல்லை?’ கேட்டேன், பதில் வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை, அதனால் எங்கே பார்க்கிறாள் என்று தெரியவில்லை. ‘சொன்னா பையைக் குப்பையில போடுவீங்கள். அப்பாவிட்ட நான்தான் கெஞ்சினனான், ஃபைனல் முடியும்வரைக்கும் சொல்லாதேங்கோ எண்டு. அப்பாவைப் பேசாதேங்கோ.’

எனக்குப் பயந்திருக்கிறாள். அடிபட்ட தலையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, பிறந்த திகதியைப் பிழையாகச் சொல்லிக்கொண்டு, அப்போதும் இவள் யோசித்தது என்னைப் பற்றி, அம்மா இதைக் கேள்விப்பட்டால் என்ற ஒன்றைத்தான். சுவீடன்காரிக்குப் பயமில்லை, போஸ்ற்றுக்குப் பயமில்லை. எனக்கு. யாரில் கோபப்படுகிறது இப்போது. கிருபாவில், ஓம், கிருபாவில் கட்டாயம், தலையில் அடிபட்ட பிள்ளையைத் தாய்க்கு மறைத்த மனிசன். அது நியாயமான கோபம், அதை ஒருவரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. ஆனால் அதை எட்டிப் பிடிக்கப் போகிற ஒவ்வொரு தரமும் வழியில் நான் நிற்கிறேன், கையில் பையோடு, பனிக்குள். ஒரு சொல் சொல்லாமல் உள்ளே போய்த் தேங்காய் துருவின பெட்டை நல்ல பெட்டை என்று நினைத்தா இவளை வளர்த்தேன். இல்லை. இவள் வாய் திறக்கவேண்டும் என்றுதான் வளர்த்தேன், திறந்தாள், எல்லோரிடமும் திறந்தாள், என்னிடம் மட்டும் கையுறையோடு சோறு சாப்பிட்டாள். ‘டொக்டர் என்ன சொன்னவர்?’ ‘ஆறு கிழமை ஒண்டும் ஏலாது. பேந்து திருப்பிப் பாக்கவேணுமாம்.’ சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய இரைச்சல் எழும்பி விழுந்தது, நான் என் இரண்டு உள்ளங்கையையும் அவள் காதுகளின் மேல் வைத்தேன், அவளுடைய கைகளுக்கு மேலால், அதற்குள் இருந்துகொண்டு அவள் கேட்டாள், தன் சத்தமே தனக்கு நோகிற மாதிரி மெல்ல, ‘ஆறு கிழமைக்குப் பிறகு விடுவீங்களா?’

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. சத்தியமாக நின்றது. இந்தத் தலையை இனி ஒருவரும் தொடக்கூடாது, இந்தக் கட்டடத்தை இடித்துப் பனியை உருக்கி விடவேண்டும், அப்படித்தான் இருந்தது. சொன்னால் இவள் அழமாட்டாள், சரி என்பாள், அடுத்த முறை இன்னும் நல்லாக மறைப்பாள். ‘டொக்டர் சொல்லுறதுதான்’ என்றேன். கோபத்தோடுதான் சொன்னேன், வேறு விதமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. ‘நான் சொல்லுறதில்லை. அப்பா சொல்லுறதில்லை. டொக்டர் ஓம் எண்டா விளையாடு, இல்லை எண்டா நீ இல்லை. ஆனா நானும் அந்த அறைக்குள்ள வருவன். அவர் சொல்லுறதை என்ர காதால கேப்பன். இனி எனக்கு மறைச்சியோ—’ குரல் ஏறிவிட்டது. நிறுத்தினேன். ‘மறைக்கமாட்டன்’ என்றாள். பிறகு தலையை, மெல்ல, ஏதோ நிரம்பின பாத்திரத்தை இறக்கி வைக்கிற மாதிரி, என் தோளில் வைத்தாள். பதினேழு வயதுப் பிள்ளையின் தலை இவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியாது. நான் மூச்சையும் பார்த்துப் பார்த்து விட்டேன்.

கதவு படாரென்று திறந்தது. கிருபா, கோட் ஒரு பக்கம் வழுகி, ஓடிவந்த மூச்சோடு. ‘வெண்டிட்டம்! மூண்டுக்கு ரெண்டு! கடைசி நிமிசத்தில ப்ரூக் இடப்பக்கத்தால வந்ததைப் பிடிச்சாள் பார்—’ என்று தொடங்கி, தரையில் இருக்கிற எங்களைக் கண்டு, என் முகத்தைக் கண்டு, அப்படியே நின்றார். என் தோளுக்குள் சாம்பவி சிரிக்கிறாளா அழுகிறாளா, தோள் மட்டும் ஆடியது. ‘இடப்பக்கம்’ என்றாள், தனக்குள்ளே. கிருபா கையைப் பிசைந்தார். ‘தவம், நான் வந்து, உமக்கு நான்...’ நான் சுட்டுவிரலை உதட்டில் வைத்தேன். கத்தாமல் ஒரு ஆளை நான் அடக்கினது என் சீவியத்தில் முதல் தரமாக இருக்கும்.

‘உங்களோட வீட்டை போய்க் கதைக்கிறன்’ என்றேன், அந்த நூல் அளவுக் குரலில். ‘நிறையக் கதைக்கவேணும். இப்ப போய் காரைப் பின்கதவுக்குக் கொண்டுவாங்கோ. ஹோர்ன் அடிக்காதேங்கோ. லைட்டை நூத்துப்போட்டுக் கொண்டுவாங்கோ, பிள்ளைக்குக் கூசும்.’

‘அது தானா எரியிற லைட்டெல்லே, தவம். பகலிலையும் எரியும். நூக்க ஏலாது.’

‘அப்ப றிவேர்ஸில கொண்டுவாங்கோ.’